அம்புக்குறி போட்ட அடிமரம்

அரியரத்தினம் செய்த ஒரே குற்றம், வில்லியம்ஸ்டவுன் துறைமுகத்தில் உடைத்துப்போட்ட பழைய கப்பலொன்றின் உத்திரத்தை வாங்கி, அதையே அடிமரமாக வைத்துப் படகு கட்டியதுதான். உத்திரத்தில் அம்புக்குறி ஒன்று செதுக்கியிருந்தது. அழகாயிருக்கிறதே என்று அதற்கு எண்ணெய் வேறு பூசினார்.

அன்றே தொடங்கியது. பூட்ஸ்கிரே வீட்டின் பின்வளவில் கடல் மணத்தது. படகைச் சுற்றி ஈரக் காலடிகள். தெருநாய்கள் வேறு மாநிலத்துக்கே குடிபெயர்ந்தன. எழுபத்தாறாம் ஆண்டுக் கோடையில் மெல்பேர்ன் முழுவதும் வெந்துகொண்டிருக்க, அந்த வளவில் மட்டும் கம்பளிக் கோட்டு இல்லாமல் நிற்க முடியாது.

மனைவி சந்திரவதனா பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

"அந்தச் சனியனை வித்துப்போட்டுக் கூப்பிடுங்கோ. அதுவரைக்கும் உங்கட சமையல் உங்களுக்கு!"

வாங்க வந்த கிரேக்கக் கப்பல்காரர் படகில் கை வைத்தார். வைத்த கையை உதறிக்கொண்டு ஓடியவர், ஏதென்ஸ் போய்த்தான் மூச்சு விட்டாராம்.

மறுநாள் பட்டப்பகலில் அந்த ஈரக் காலடிகளின் சொந்தக்காரர் வெளிப்பட்டார். நீலக் கோட்டு, தலைமயிரில் உப்புநீர் சொட்டியது, நிழல் விழவில்லை.

"அம்புக்குறி போட்ட மரம் ராசாவின்ர கடற்படைக்கு. வெட்டக் கூடாது. கப்பலாக்கினாலும் பிறத்தியாருக்கு விக்கக் கூடாது. கட்டளை."

அந்த நிலையிலும் அரியரத்தினத்துக்கு விடுப்புக் கேட்கும் ஆவல் குறையவில்லை. "தமிழ் எங்க படிச்சனியள்?"

"திருகோணமலைத் துறைமுகத்தில. அங்கயும் மரம் காத்தனான்."

"ஐயா, போன மாசம் கவுன்சில் மண்டபத்தில உங்கட ராசாவின்ர பரம்பரை மகாராணிக்கு விசுவாசமா இருப்பன் எண்டு சத்தியம் பண்ணிக் குடியுரிமை எடுத்தனான். நாளைக்கு வாங்க வாறவர் இங்க பக்கத்தில வெரிபீயில பிறந்த வெள்ளைக்காரன். ரெண்டு பேரும் உங்கட அரண்மனை ஆக்கள்தானே? இதில பிறத்தியார் ஆர்?"

அந்த ஆள் வெகுநேரம் யோசித்தார். காலடியில் ஒரு குளமே தேங்கிவிட்டது. கடைசியில் சலாம் அடித்தார்.

"அப்ப என்ர காவல் முடிஞ்சுது."

வேலியை நோக்கி நடந்தார். வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்புகிற வளர்ப்பா அரியரத்தினத்துடையது? வாய் தானாகவே சொன்னது:

"சந்தோசம் ஐயா. போயிட்டு வாங்கோ!"

அந்த ஆள் நின்றார். திரும்பினார். இருநூறு வருடங்களில் எவரும் அவரைத் திரும்பி வரச் சொன்னதில்லை.

"ஓம்," என்றார். "வாறன்."

சனிக்கிழமை படகு விலைப்பட்டது. ஞாயிறு சந்திரவதனா வந்தார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனப்பா, இந்தக் கதிரை மட்டும் ஈரமாக் கிடக்கு?"

அரியரத்தினம், கதிரைக்கு முன்னால் மேசையிலிருந்த இரண்டாவது தேநீர்க் கோப்பையை மெல்ல எடுத்து மறைத்தார். சந்திரவதனா ஒரு கணம் கதிரையைப் பார்த்தார். பிறகு, வாசலில் வைத்த பெட்டியைப் பார்த்தார்.