பொருந்தாச் சேணம்

கருமுகில் இடுக்கில் ஞாயிறு செந்தணல்போல் கனன்று எழ, இரவெல்லாம் பெய்த மழைநீர் வரிசையாய் நின்ற குதிரைக் கொட்டில்களின் ஓட்டு விளிம்புகளில் சொட்டிக்கொண்டிருக்க, ஈர வைக்கோலும் பதனிட்ட தோலும் கலந்த மணம் தெரு முழுதும் பரவிய அக்காலைப் பொழுதில், குதிரை பழக்குவோன் ஒருவன் தன் எட்டு அகவை மகளின் கையைப் பிடித்துச் சேணக் கடையினுள் நுழைந்தான். அடங்காப் புரவிகளை அடக்கி அடக்கியே தான் அடங்காதவனாகிப்போன அவன் பின்னே மனைவியும் வந்தாள்.

மரச்சட்டங்களில் ஏற்றிவைத்த சேணங்களுள் வெள்ளிக் குமிழ் பதித்த பெரியதொன்றைக் கண்டதும் மகளைத் தூக்கி அதன்மேல் அமர்த்தினான். அவள் முதுகுக்குப் பின்னே இன்னொரு குழந்தை அமருமளவு இடம் எஞ்சியது. கால் ஊன்றும் அங்கவடிகளோ, வாரை எத்துணைச் சுருக்கியும், அவள் பாதம் முழுதும் நுழைந்து அப்புறம் போகும் அகலத்தில் தொங்கின.

"என்னங்க, இதுக்குள்ள புள்ளையத் தேடணும்போல இருக்கு. சின்னதாப் பாருங்க," என்றாள் மனைவி.

"வளர்ற புள்ளதானே? குதிரையப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"அப்பா, கால் நிக்கவே மாட்டேங்குது," என்று சிறுமி முனகியதும் அவன் செவியில் ஏறவில்லை.

அன்றே, தான் பாலூட்டி வளர்த்த செம்பழுப்புப் பெண்குதிரைமேல் அச்சேணத்தைப் பூட்டி, மகளை ஏற்றிப் பயிற்சி வெளியில் ஓடவிட்டான். மூன்றாம் சுற்றில், அகன்ற இருக்கையில் வழுக்கி நிலைகுலைந்த சிறுமி விழாதிருக்கக் கடிவாளத்தைப் பற்றித் தொங்கினாள். கடிவாள இரும்பு குதிரையின் வாயைக் கிழிக்க, வெருண்ட புரவி பின்கால்களில் எழுந்து அவளைக் கீழே எறிந்து பாய்ந்தது. அங்கவடியில் பாதம் கணுக்கால்வரை நுழைந்து சிக்கிய பிஞ்சுடலைச் சரளைக்கற்களின்மேல் இழுத்தவாறே அது ஓடியது. குறுக்கே பாய்ந்து கடிவாளத்தைப் பற்றிய தாயை வேலிக்கம்பத்தில் மோதி வீழ்த்தியது. அவள் விலா முறிந்த ஓசை வெளியெங்கும் கேட்டது. அவ்வொரு நொடித் தடையில்தான் தந்தை ஓடிச் சேணத்தின் வயிற்றுவாரை அறுத்து வீழ்த்தி மகளை விடுவித்தான்.

தோளெலும்பு முறிந்து, குருதி தோய்ந்து கிடந்த மகளைக் கண்டவனுக்கு அறிவு கெட்டது. புரவியைக் கம்பத்தில் கட்டிச் சாட்டையால் விளாசினான். தோல் உரிந்து தசை வெளிப்பட்டும், அது முழந்தாளிட்டு வீழ்ந்தும், ஓங்கிய கை ஓயவில்லை. இறுதியில் கோடரியை எடுத்தான்.

"அப்பா! அத அடிக்காதீங்க! அது என்ன பண்ணுச்சு? கால் நிக்கலன்னு கடையிலேயே சொன்னேன்ல?"

ஓங்கிய கோடரி புரவியின் கழுத்துக்குமேல் நின்றது. பின்னர் அறுந்து கிடந்த சேணத்தின்மேல் இறங்கி, வெள்ளிக் குமிழ்கள் தெறிக்கத் தெறிக்க அதனைச் சிதைத்தது.

எலும்புகள் கூடியபின் மூவரும் மீண்டும் கடைக்குச் சென்றனர். இம்முறை அவன் ஒன்றையும் சுட்டிக்காட்டவில்லை. "எங்கடா உறுத்துது? கால் எட்டுதா?" என்று மட்டும் கேட்டுக்கேட்டு, அவள் "இதுதான்ப்பா" என்னும்வரை பொறுத்திருந்தான்.

இன்று அவள் தழும்பேறிய அதே புரவியில் தென்றல்போல் ஊர்கிறாள். தாயின் குரல் கேட்டால் அப்புரவி செவி நிமிர்த்தும். அவன் வேலியருகே வந்தாலோ உடல் நடுங்கி மறுகோடிக்கு ஒதுங்கும். மகள் மன்னித்தாள், மனைவியும் மன்னித்தாள். சொல்லறியா உயிரிடம் மன்னிப்புக் கேட்கும் மொழியொன்றை மட்டும் அவன் கற்றிலன்.