இதர புகார்கள்

அன்று காலை பத்து மணிக்குள் எனக்கு முப்பத்தொரு அழைப்புகள் வந்துவிட்டன. முப்பத்தொன்றும் ஒரே போட்டோவைப் பற்றி. எண்ணெய்க் கம்பெனியின் இயக்குநர் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு, எங்கேயோ ஒரு நீலக் கடலில், பாய்மரப் படகுப் போட்டியில் நின்று சிரிக்கிறார். இங்கே அவருடைய குழாய் உடைந்து இருபத்திரண்டு நாளாகக் கடல் கறுப்பாகக் கிடக்கிறது. மனுஷன் சிரிக்கட்டும், அதைப் பேப்பர்காரனுக்குக் காட்டியா சிரிப்பான்?

அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறவள் நான். திரையில் ஒரு படிவம் இருக்கும். கடல், துர்நாற்றம், உடல்நலம், இழப்பீடு என்று கட்டங்கள். முதலாளி சிரித்ததற்குக் கட்டம் கிடையாது. எல்லாவற்றையும் ‘இதர புகார்க’ளில் தள்ளச் சொன்னார் மேற்பார்வையாளர். எதற்கெடுத்தாலும் “மெதுவா, மெதுவா” என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே மெதுவா. புதிதாக ஒரு வாசகமும் அடித்துக் கொடுத்தார்: “இயக்குநர் அவர்கள் நெடுநாட்களுக்குப் பின் தம் குடும்பத்தாருடன் சிறிது நேரம் செலவிட்டார். தங்கள் உணர்வை மதிக்கிறோம்.” நானும் வாசித்தேன். “உன் வீட்ல எழவு விழுந்தாலும் இப்படித்தான் வாசிப்பியா?” என்று ஒரு அம்மாள் கேட்டாள். மதிக்கிறோம் என்றேன்.

முதல் வாரம் பாத்ரூமில் போய் அழுதேன். இப்போது அதுவும் வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் எப்படியோ, அப்படி இருக்கிறது. திட்டு காதில் விழுகிறது, அதோடு சரி.

என் வீட்டுக்காரர் மீன்பிடிக்கிறவர். படகு கரையேறிக் கிடக்கிறது. அந்தக் கம்பெனி கொடுக்கும் எந்த வேலைக்கும் நம் வீட்டு ஆள் யாரும் போகக்கூடாது என்று படகுக்காரர்கள் கூடி முடிவெடுத்தபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான். கை தூக்கினால் அடுப்பு எரியுமா? கூரியர் ஆபீசில் வேலை என்று பொய் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். தெரிந்தால் அடிக்க மாட்டார், கத்த மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். என் அண்ணன் கல்யாணத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் நாற்பது நாள். இன்னொரு தடவை அது என்னால் ஆகாது.

முப்பத்திரண்டாவது அழைப்பில், பேச்சு வருவதற்கு முன் ஒரு கனைப்பு வந்தது. அந்தக் கனைப்பைத் தினமும் வீட்டில் கேட்கிறவள் நான்.

“வணக்கம். தங்கள் புகாரைத் தெரிவிக்கலாம்,” என்றேன். இந்தத் தமிழை நான் பேசி அவர் கேட்டதே இல்லை.

“அந்தாளு படகுல ஏறி நிக்கிறான். என் படகு மண்ணுல நிக்குது. இதை எதுல எழுதுவ?”

“தங்கள் உணர்வை மதிக்கிறோம்.”

“மதிச்சு? அவன் வீசற எச்சில் காசுக்கு வாய வாடகைக்கு விட்டுட்டு உக்காந்திருக்கியே, உன்னைக் கட்டினவன்லாம் ஒரு ஆம்பளையா?”

அதற்கு வாசகம் எதுவும் கொடுக்கவில்லை. ‘இதர புகார்க’ளைத் தட்டினேன்.

பிறகு குரல் இறங்கியது. “என் பொண்டாட்டி கூரியர் ஆபீசுக்குப் போறாம்மா. வந்தா பேச்சே கெடையாது. சோத்தப் போட்டுட்டு செவுத்தப் பாத்து உக்காந்துக்கறா. கட்டின நாள்லேருந்து அவ வாய் மூடி நான் பாத்ததில்ல. அதையும் எழுதிக்க. அதுக்கும் அவன்தான் காரணம்.”

எழுதினேன். ‘செவுரு’ என்று அடித்துவிட்டு, அழித்து, ‘சுவர்’ என்று திருத்தினேன். அழ வேண்டிய இடம் இது என்பது எனக்குத் தெரிந்தது. கண்ணில்தான் ஒன்றும் வரவில்லை.

“தங்கள் பெயர்?”

“கையாலாகாதவன்னு போடு.”

போட்டேன். புகாரை முடிக்கும் முன் எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டவேண்டும். வரிசையாக வாசித்தேன். படகு கரையில் நிற்பது. மனைவி பேசாதது. “படகு எண் நூற்றுப் பதினேழு. சரிதானே?” என்று முடித்தேன்.

“நம்பர் நான் சொல்லலியே,” என்றார்.

திரையைப் பார்த்தேன். கட்டத்தில் 117 என்று இருந்தது. என் விரல்தான் அடித்திருக்கிறது. பக்கத்து இருக்கைப் பெண் யாருடைய உணர்வையோ மதித்துக்கொண்டிருந்தாள். ‘ஐயோ’ என்று வாய்க்குள் முனகினேன். அது அவருக்குக் கேட்டிருக்கும்.

“சரிதான்,” என்றார். “சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

என்னை அவர் ஒருநாளும் ‘நீங்க’ என்று சொன்னதில்லை.

அழைத்தவர் வைக்கும்வரை நாங்கள் வைக்கக்கூடாது. அவர் வைக்கவில்லை. கரையில் யாரோ தார் படிந்த மணலை மண்வெட்டியால் வாரி வாரிப் போடும் சத்தம் என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.