உதட்டுப் பேச்சு

சங்கரன்கோவில் தறிச் சங்கத்து மண்டபத்தில், தம்பதிகளுக்கான பொது அறிவுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இரண்டு ஜோடிகள் மேடையேறியபோது, அதில் ஒரு ஜோடிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது முன்வரிசைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில், கார் கண்ணாடி துடைக்கிற வைப்பரைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார்கள். மேரி ஆண்டர்சன் என்றாள் பெனிட்டா. "காரு சாமான பொம்பளயா கண்டுபிடிச்சிருப்பா? சும்மா கெட" என்று அவள் கணவன் எபினேசர் மைக்கில் வேறு யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெயரைச் சொல்லிவிட்டான். அவள் சொன்னதுதான் சரியான விடை. மற்ற கேள்விகளில் எப்படியோ தப்பித்து இறுதிக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும், அவன் தப்பு என்று ஒத்துக்கொள்கிற வரை அவனிடம் வாய் திறப்பதில்லை என்று பெனிட்டா அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

முடிவு என்றால் சத்தம் வராது, அவ்வளவுதான். விசைத்தறி இரைச்சலுக்கு நடுவே உதட்டை அசைத்தே ஊர்க்கதை முழுக்கப் பேசித் தீர்க்கிறவர்கள் அந்தச் சங்கத்துத் தறிக்காரர்கள் எல்லாரும். குழம்பு அடுப்பில் இருக்கிறது, பால்காரர் வந்து போனார் என்று வீட்டிலும் ஒரு வாரமாக உதட்டசைவுதான். உதட்டுப் பேச்சு பேச்சில் சேராது என்பது அவள் கணக்கு. எபினேசருக்கோ, கரண்டு போன தறிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது வீடு.

எதிர் ஜோடி பாஜிலாவும் சித்தீக்கும். டீசலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ராயகிரியிலிருந்து போட்டி நடத்த வந்திருந்த, தறிப் பழக்கமே இல்லாத தங்கப்பழம் சார் கேட்டதும், 'அது ஒரு மனுசன் பேரு' என்று சித்தீக் தன் மனைவியிடம் உதட்டை அசைத்தான். உடனே எபினேசர் கையைத் தூக்கிவிட்டான்.

"ருடால்ஃப் டீசல்னு ஒரு ஆளு சார்!"

"களவாணிப் பய! எங்க வீட்டுக்காரரு வாயப் பாத்துல்லா சொல்லுதான்!" என்று பாஜிலா கத்தினாள்.

"யாரும் பேசவே இல்லியேம்மா" என்றார் சார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தப் புள்ளியோடு இரண்டு பக்கமும் சமம். கடைசிக் கேள்வி வந்தது.

"அட்டையில ஓட்ட போட்டு, அந்த ஓட்டைக்குத் தக்கன துணியில பூ விழுற மாதிரி எந்திரம் செஞ்ச பிரெஞ்சுக்காரர் யாரு?"

மண்டபமே திருதிருவென்று விழித்தது. அத்தனை பேரும் தினமும் அந்த எந்திரத்துக்கு அடியில்தான் நிற்கிறார்கள். அண்ணாந்தால் தலைக்கு மேல் அட்டைமாலை சுழல்கிறது. ஜக்கார்டு பெட்டி. தறியில் நாடா, பாவு என்பது போல அதுவும் ஒரு சாமான் பெயர் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. செய்தவனைத் தேடி எல்லார் மனசும் பிரான்சுக்குப் போயிருந்தது. பெனிட்டாவின் மனசு மட்டும் டீசலிலேயே நின்றது. டீசலே ஒரு மனிதன் என்றால்...

உதட்டை அசைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். எதிரே பாஜிலாவின் கண் அவள் வாயிலேயே இருந்தது. கீழே மண்டபத்தின் கண்களும் அங்கேதான். சத்தமில்லாமல் சொன்னால் எல்லாருக்கும் கேட்டுவிடும். சத்தமாகச் சொன்னால்தான் அவனுக்கு மட்டும் கேட்கும்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் காதோரம் சாய்ந்தாள்.

"ஏங்க, ஜக்கார்டுங்க. அது அந்தாளு பேருதான்."

முதலில் எபினேசருக்கு விடை ஏறவில்லை, குரல்தான் ஏறியது. பிறகு, பெட்டியோட பேரு மனுசனுக்கு எப்படி என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முந்தானைக்கு மேலே இரண்டு கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. கையைத் தூக்கினான். மைக்கைப் பிடித்தான். தறிப் பழக்கத்தில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

'எம் பெனிட்டா சொல்லுதா. போன வாரமும் அவதான் சரியாச் சொன்னா. ஜக்கார்டு.'

மண்டபம் விசிலும் கைதட்டுமாக எழுந்தது. "அட, நம்ம பெட்டி!" என்று பாஜிலா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்ப்பா, எதுக்குக் கை தட்டுதீங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலியே!" என்றார் தங்கப்பழம் சார்.

அவருக்கு உதவுவதற்காக மண்டபம் முழுக்க வாய்கள் திறந்து மூடின, சத்தமே இல்லாமல், ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு. எபினேசர் மைக்கை அவள் பக்கம் நீட்டினான். பெனிட்டா முந்தானையை வாயிலிருந்து மெல்ல இறக்கினாள்.