கைப்பிரேக்

"உங்கண்ணன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசுன்னுதான் நான்..."

"மாட்டேன்னு சொன்னப்புறமும்..."

"என்னை முடிக்க விடு முதல்ல."

"என்ன முடிக்கப்போறீங்கன்னு தெரியும் அண்ணி. அம்மா போனதுலேருந்து அதையேதான் முடிச்சுக்கிட்டிருக்கீங்க."

டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. அண்ணி ஒரு கையால் டிக்கெட் கிழித்தாள், மறு கையால் நாத்தனாரின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"இன்னைக்கோட கைப்பிரேக் போகுது. திங்கட்கிழமை புதுப் பெட்டி. காத்துல பிடிக்கிற பிரேக். எல்லாம் அவரே இஞ்சின்லேருந்து பாத்துக்குவாரு. நீ இந்த ஜன்னலுக்கு வந்துடுவே. அப்புறம் அவருக்கும் உனக்கும் நடுவுல என்ன இருக்கு? விசில் கூட இருக்காது."

"இருந்து என்ன வாழுது?"

"ரெண்டு பேரும் வீம்புல ஒரே அச்சு. நடுவுல நான் கிடந்து தேயறேன்."

அண்ணி சொன்னது சரிதான். அண்ணன் இஞ்சின் ஓட்டுகிறவர். தங்கை கடைசிப் பெட்டியில் பிரேக் சக்கரம் சுற்றுகிறவள். ஒரு விசில் என்றால் இறுக்கு, இரண்டு என்றால் தளர்த்து. அம்மா செத்த நாளிலிருந்து அவர்களுக்குள் மிஞ்சியிருந்த பேச்சு அவ்வளவுதான்.

அண்ணி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள். சண்டை போட்ட அதே வாயில் தேன் வடிந்தது. "அன்பார்ந்த பயணிகளே! இந்தப் பாதை மலையிலிருந்து கருங்கல் இறக்குவதற்காகப் போடப்பட்டது. குவாரியில் தண்ணீர் ஊறிய பிறகு கல் வண்டி நின்றது. ஊர்க்காரர்கள் கூடித் தண்டவாளத்தைப் பழைய இரும்புக்குப் போகாமல் காப்பாற்றினார்கள். அன்று கல் ஏறிய வண்டியில் இன்று நீங்கள் ஏறுகிறீர்கள்." பொத்தானை விட்டாள். "கல்லுக்குக் கூட ஈரம் உண்டு. உனக்குத்தான் இல்லை."

அண்ணியின் தலைக்கு மேல் விளம்பரப் படம் தொங்கியது. மலை உச்சி நிலையத்தில் பிரேக் சக்கரத்தைப் பிடித்தபடி பல் தெரியச் சிரிக்கும் பெண். அது இவள்தான். அம்மா செத்த அன்று எடுத்தது. வீட்டிலிருந்து அண்ணி போன் பண்ணியிருந்தாள். உச்சி நிலையத்தில் அண்ணன்தான் போனை எடுத்தார். கேட்டுவிட்டு வெளியே வந்தார், தண்ணீர் குடித்தார், எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தின் ஓரத்தில் குப்பியோடு போகிற அவர் முதுகு மட்டும் தெரியும். கீழே வந்து வண்டி நின்ற பிறகுதான் அண்ணி ஓடிவந்து சொன்னாள்.

"மேலேயே சொல்லியிருந்தா அவ கை நடுங்கியிருக்கும். செங்குத்து இறக்கம், பொட்டி நிறைய ஜனம்." அண்ணன் மனைவியிடம் சொல்லி, அவள் வழியாகத் தங்கை காதுக்கு வந்த காரணம் இது. மறுபடி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவள் அழவில்லை. அழுகை வரும் வரும் என்று அண்ணி ஒரு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பசிதான் வந்தது. சாப்பிட்டாள். வேலைக்கு வந்தாள். உடம்பு முழுவதும் மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. ஊன்றினால் நிற்கும், அவ்வளவே.

வண்டி மேலே போயிற்று. பாலத்தில் நின்றது, ஜனங்கள் இறங்கிப் படமெடுத்தார்கள். உச்சியில் இஞ்சினைக் கழற்றி முன்னால் கொண்டுபோய் மாட்டினார்கள். இறக்கம் தொடங்கியது.

"ஏம்மா, இதைச் சுத்தினா வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?" என்றார் ஒரு பெரியவர், பிரேக் சக்கரத்தைக் காட்டி. யாராவது ஒருவர் தினமும் கேட்கிற கேள்வி.

"எந்தப் பக்கமும் திரும்பாதுங்க. நிக்கும்."

"அப்ப திருப்புறது யாரு?"

"தண்டவாளம். அது போட்ட வழிதான். நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணும் இல்ல."

பெரியவர் சிரித்தார். விசில் ஒன்று வந்தது. அவர் சிரிப்பு முடிவதற்குள் அவள் கை இறுக்கிவிட்டிருந்தது. இரண்டு வந்தது, தளர்த்தியது. வளைவில் அவர்கள் வீடு தெரிந்தது. அம்மா படுத்திருந்த அறையின் ஜன்னல் சாத்தியிருந்தது. மறுபடி ஒரு விசில். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சுற்றினாள். பெட்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் வேகம் குறைந்தது. அப்போதுதான் கையைக் குனிந்து பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. அது நடுங்கவில்லை. செய்தி தெரிந்த கைதான். இத்தனை மாதமும் தெரிந்த கைதான்.

கீழே வந்து ஜனங்கள் இறங்கிப் போனார்கள். அண்ணன் வழக்கம்போல ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து, பிரேக் கட்டையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தபடி வந்தார். மற்ற நாட்களில் அவர் கடைசிப் பெட்டிக்கு வருவதற்குள் அவள் மறுபக்கம் இறங்கிப் போய்விடுவாள். இன்று சக்கரத்தின் பக்கத்திலேயே நின்றாள். தூரத்தில் அண்ணி, டிக்கெட் ஜன்னலை மூடப் போனவள், மூடாமல் பார்த்தாள்.

"கட்டை சூடு கம்மி," என்றார் அண்ணன், கட்டையிடம். நிமிர்ந்தார். தங்கை நிற்பதைக் கண்டதும் கரித்துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

ஆத்திரம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அம்மா செத்த சேதியை வச்சுக்கிட்டுத்தான் தினம் இந்தச் சக்கரத்தைச் சுத்தறேன். ஒரு நாளாவது வண்டி கைமீறிப் போச்சா, அண்ணே?"