சூரையின் தலை திரும்பிய நொடி

வாடகைப் படகில் சூரை மீன் பிடிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கடலே பிடிக்காது, போட்டோ கிடைத்தால் போதும். அன்று வந்த தொழிலதிபரும் அந்த ரகம். கரை மறைவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷமாகப் படகு ஓட்டுகிற எனக்கே கடலைப் பற்றி வகுப்பு எடுத்தார்.

என்னோடு வருவது மச்சினன் மட்டும்தான். கிளம்பும்போது என் மனைவி அவனுடைய கையுறைக் கிழிசலைத் தைத்துக் கொடுத்து, முழுசாகப் போகிறவனை முழுசாகக் கூட்டி வரச் சொன்னாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர்.

மீன் படகோரம் வந்ததும் தூண்டில் நரம்பை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பது அவன் வேலை. குனிந்து இழுக்கிறவனுக்கு நரம்பு மட்டும்தான் தெரியும். மேலே சுக்கான் மேடையில் நிற்கிற எனக்குத்தான் மீனின் தலை தெரியும். தலை கீழே திரும்பினால் மீன் ஆழத்துக்குப் பாயப் போகிறது என்று அர்த்தம், உடனே "விடு" என்பேன். அவன் விரலைத் திறப்பான். ஆறு வருஷமாக அவன் கை என் வாயை நம்பித்தான் இருந்தது.

மதியம் மாட்டிய சூரை இரண்டு மணி நேரம் எங்களைப் படாத பாடு படுத்தியது. தொழிலதிபரின் உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. கடைசியில் மீன் மேலே வந்தது, கன்றுக்குட்டி அளவு. மச்சினன் நரம்பைச் சுற்றி இழுத்தான். கொக்கிக் கம்புக்கு எட்ட ஒரு முழம்தான் பாக்கி.

அப்போது தலை திரும்பியது. நன்றாகவே பார்த்தேன். அவ்வளவு பெரிய மீனை என் ஆயுசில் கண்டதில்லை. பாழாய்ப்போன ஆசை.

"பிடி" என்று கத்தினேன்.

நரம்பு கையுறையை அறுத்துக்கொண்டு சதைக்குள் இறங்கியது. மச்சினன் இடுப்புவரை கடல் பக்கம் தொங்கி அலறினான். கத்தியோடு மேடையிலிருந்து தளத்தில் குதித்தேன். தொழிலதிபர் குறுக்கே நின்று, அது தன் மீன் என்று என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். மீனை அடிக்கிற கட்டையை எடுத்து அவர் தாடையில் போட்டேன். பல் தெறித்தது. ஆள் சாய்ந்துவிட்டார். இரண்டாவது அடி தேவையே இல்லை, ஆனாலும் அடித்தேன். பிறகுதான் நரம்பை வெட்டினேன். மச்சினன் தளத்தில் விழுந்தான். இரண்டு விரல்கள் மீனோடு போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் அவன் அக்காவிடம் என்னை ஒரு தடவைகூடப் பார்க்காமல் சொன்னான்: "அந்தாளு வெட்ட விடலக்கா. மாமாதான் அவன அடிச்சுப் போட்டுட்டு என்னைக் காப்பாத்துனாரு."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காய்ந்த ரத்தம் இன்னும் அதில் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் குடும்பம் குடும்பமாக இருந்திருக்கும். முடியவில்லை.

"தல திரும்புனத பாத்தேன். பாத்துட்டுதான் பிடின்னு சொன்னேன்."

ஆறு வருஷமாகக் கையுறை தைத்துக் கொடுக்கிறவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கையை உதறினாள். முதல் அறையில் என் உதடு கிழிந்தது. அடுத்தடுத்து விழுந்ததை நான் எண்ணவில்லை, தடுக்கவும் இல்லை. நர்ஸ் ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"போதும்க்கா" என்றான் மச்சினன்.

அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.