கையும் விரலும்

எட்டு வாரமாக அந்த மாணவி தத்துவக் கருத்தரங்கில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் அவள் எழுதிக் கொடுக்கும் எதிர்வாதங்கள் ஊசி போலத் தைத்தன. முதலாண்டு வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். அவளுடைய மூன்றாம் ஆண்டில் மிஞ்சிய பெண்கள் நான்கே பேர். அவளும் புள்ளியியலுக்கு மாற விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அது கையெழுத்தாகிவிடும். தாளில் இப்படி வாதாடுகிறவள் நேரில் ஏன் ஊமையாகிறாள்? அவள் தாள்களைத் திருத்தும் ஆசிரியைக்குப் பிடிபடவே இல்லை. அழைத்துக் கேட்டாள்.

“பேச பயமாம்மா?”

“எனக்கா? நான் அஞ்சு நிமிஷம் வாய மூடினா, உடம்பு சரியில்லையான்னு வீட்ல கேப்பாங்க மேடம். எட்டு வாரமா கை தூக்கிட்டுத்தான் இருக்கேன். ‘கைய வீட்லயே வச்சிட்டுப் போடி, தோளாவது மிஞ்சும்’னு அக்கா கிண்டல் பண்றா.”

செவ்வாய்க்கிழமைக் கருத்தரங்கில் ஆசிரியை கடைசி வரிசையில் நோட்டுடன் உட்கார்ந்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுக் கேள்வி என்றால் கையைத் தூக்க வேண்டும். நடக்கிற கேள்வியைத் தொடர்வதென்றால் ஒற்றை விரல். கை வரிசையில் காத்திருக்கும், விரல் வரிசையைத் தாண்டிவிடும். பேச்சு அறுந்துபோகாமல் இருக்க வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐம்பது நிமிடத்தில் விரல்கள் இருபத்து மூன்று. ஆறு கைகளில் இரண்டுக்குத்தான் முறை வந்தது. விரல் தூக்கியவர்களில் பலர் கேட்டது முழுக்கப் புதுக் கேள்வி. பெண்களோ விதியை அப்படியே நம்பிக் கையைத் தூக்கியபடி காத்திருந்தார்கள்.

கருத்தரங்கு முடிந்ததும் துறைத் தலைவர் நோட்டை எட்டிப் பார்த்தார். “என்னம்மா, டிராபிக் போலீஸ் மாதிரி எண்ணிட்டு இருக்கீங்க?”

“ஒரு பக்கம் மட்டும் எப்பவும் பச்சை எரியுது சார்.”

“இந்த ஒன்பது விரல் யாரோடது?”

“உங்களோடதுதான்.”

“அடக் கடவுளே!” அவர் வாய்விட்டுச் சிரித்தார். “சரி, மாத்துங்க. என்னையும் சேர்த்துப் பிடிச்சுப் போடுங்க.”

புது விதியோடு நடந்த வியாழக்கிழமைக் கருத்தரங்கில் மாணவி மூன்றாவதாகப் பேசினாள். அவள் கேள்வியைக் கேட்டதும் உரை நிகழ்த்தியவர் பலகைக்குத் திரும்பிப் போய், தன் இரண்டாவது வரியைத் தானே அழித்தார். அன்று மாலையே அவள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

இப்போதைய விதி இதுதான்: உரை முடிந்ததும் ஐந்து நிமிட இடைவேளை, கேட்க நினைப்பவர்கள் தாளில் பெயர் எழுத வேண்டும், அன்று இன்னும் பேசாதவருக்கே முதல் வாய்ப்பு, ஒரு கேள்விக்கு ஒரு விரல் மட்டும்.