வயர்மேன் துடைத்த கூரை

கண்காட்சிக் கூடத்தின் நான்கு சுவர்களையும் அடைத்து நின்றது அந்தக் கலைப்படைப்பு. பழைய கதவுகள், ஜன்னல் கம்பிகள், கிழிந்த போர்வைகள். அவற்றுக்குள்ளிருந்து கிளம்பிச் சுவரெல்லாம் படர்ந்த கரிக்கோடுகள். பிரித்துப்போட்ட ஒரு வீட்டின் மிச்சத்தை யாரோ ஞாபகத்திலிருந்து வரைந்து முடித்ததுபோல் இருந்தது. அதற்கு விளக்கு மாட்டத்தான் வயர்மேன் வந்திருந்தார்.

துளை போடுமுன் சுவரில் பென்சிலால் குறி வைப்பார். மாட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். முப்பது வருடப் பழக்கம். கை அதுபாட்டுக்குத் துடைத்தது. துணி கறுத்த பிறகுதான் உறைத்தது. கதவுக்கு மேலே ஓடிய கூரைக்கோடு ஒரு முழ நீளத்துக்குக் காணவில்லை. சாயங்காலம் திறப்பு விழா.

சொல்லாமல் நழுவிவிடலாம். இத்தனை கோட்டில் ஒரு கோடு யார் கண்ணில் படப்போகிறது? ஆனால் ஏணியை விட்டு இறங்க மனம் வரவில்லை. பத்து வயதில் அவருக்கும் ஒரு சுவர் இருந்தது. கட்டிலுக்குப் பின்னால், அடுப்புக்கரியால் அவரும் அக்காவும் வரைந்த முழுத் தெரு. மூக்கு மட்டும் பெரிதான பக்கத்து வீட்டு மாமாகூட அதில் இருந்தார். அம்மா கட்டிலை நகர்த்திய அன்று முதுகில் இரண்டு விழுந்தது. சுவரிலிருந்த மாமாவைப் பார்த்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் நடந்தது. வீடு மாறியபோது வீட்டுக்காரர் வெள்ளையடித்துவிட்டார். அதன்பின் வயர்மேன் கோடு போட்டதெல்லாம் வயர் போகும் வழிக்குத்தான்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு," என்றார், கீழே நின்றிருந்த அந்தப் படைப்பின் ஓவியரிடம்.

அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார்.

"கட்டின வீட்டுக் கூரையைப் பிரிச்சுட்டீங்களேண்ணா!"

"நல்லா திட்டிடுங்கம்மா."

"திட்டினா கோடு வந்துடுமா? எனக்கு முட்டி வலி, ஏணி ஏற முடியாது. நீங்கதான் மேல நிக்கிறீங்க." கரித்துண்டை நீட்டினார். "போடுங்க."

"நானா? எனக்கு சுவிட்ச் பெட்டிக்குத்தாம்மா கோடு போடத் தெரியும்."

"கதை விடாதீங்க. கோடு தெரியாத ஆளுக்கு இப்படி வேர்த்துக் கொட்டாது."

குனிந்து கரியை வாங்கிக்கொண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார்.

"நடுவுல தொய்ஞ்சு போச்சே," என்றார் ஓவியர்.

"எங்க வீட்டு ஓடு அப்படித்தாம்மா இருக்கும். மழை ஒழுகினா மூணு குண்டான் வைக்கணும்."

ஓவியர் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். "அப்ப இருக்கட்டும். என் கோடுதான் ரொம்ப நேரா இருந்துச்சு."

"இந்த ஜன்னல் மேலயும் காலியா இருக்கும்மா..."

"அது வேணும்னே விட்டது. கைய வைக்காதீங்க!"

இறங்கி வந்த வயர்மேன் கரியைத் திருப்பித் தரவில்லை. காலியான பல்பு அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து மடியில் விரித்துக்கொண்டு, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.